உடலுறவு வலியும் துணைவரின் மறுமொழியும்

ஆலோசனைக்கு வரும் இளம் தம்பதியரில் சிலர் முதலில் வேறு காரணத்தைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். அடிக்கடி சண்டை வருகிறது என்பார்கள், குழந்தை எப்போது என்று வீட்டில் கேட்டுத் துளைக்கிறார்கள் என்பார்கள். பேச்சு நெடுநேரம் சுற்றி வந்த பிறகே, உடலுறவின்போது தாங்க முடியாத எரிச்சல் இருப்பதாக மனைவி சொல்வார். அதற்கு முன்பே அக்காவிடமோ சித்தியிடமோ சொல்லியிருப்பார். “முதலில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்ற பதிலும் கிடைத்திருக்கும். சரியாகாமல் மாதங்களும் ஆண்டுகளும் கடந்த பிறகு, குறை தன்னிடம்தான் என்று அவரே முடிவு கட்டியிருப்பார். இத்தகையோருக்காக உளவியல் ஆய்வுலகம் கடந்த கால் நூற்றாண்டில் செய்திருக்கும் வேலை தமிழில் அதிகம் பேசப்படவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

தொற்று, தோல்நோய், ஹார்மோன் குறைவு போன்ற தெளிவான காரணம் எதுவும் தென்படாமல், பெண்ணின் புற உறுப்பில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் வல்வோடினியா என்கிறார்கள். அதில் மிகுதியாகக் காணப்படுவது, யோனியின் நுழைவாயிலைத் தொட்டாலோ அழுத்தினாலோ மட்டும் எழும் வலி. பஞ்சு சுற்றிய குச்சியால் அந்த இடத்தை மெல்ல அழுத்திப் பார்த்தே மருத்துவர் இதை உறுதிசெய்கிறார். வெளியே புண்ணோ சிவப்போ பெரிதாகத் தெரியாததால், “உங்களுக்கு ஒன்றுமில்லை, மனத்தில்தான் பயம்” என்று பலர் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிப் பெண்களிடையே பெர்னார்ட் ஹார்லோவும் எலிசபெத் ஸ்டூவர்ட்டும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது மூன்று மாதமோ அதற்கு மேலோ இத்தகைய வலியை அனுபவித்ததாகக் கூறினர். அவர்களில் 40 விழுக்காட்டுக்கு நெருக்கமானோர் சிகிச்சைக்கே போகவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்த்திருந்தார்கள். வெளிப்படையாகப் பேசும் சமூகம் என்று நாம் எண்ணும் ஓரிடத்திலேயே இதுதான் நிலைமை.

இந்த வலியைப் புரிந்துகொள்ளும் முறையையே மாற்றியவர்களில் முதன்மையானவர் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் இர்விங் பினிக். அவர் காலம்வரை இது பாலியல் குறைபாட்டு வகையிலேயே வைக்கப்பட்டிருந்தது. முதுகுவலியால் வேலைக்குப் போக முடியாதவரை யாரும் வேலைக் குறைபாடு உள்ளவர் என்று சொல்வதில்லை. வலி இருக்கும் இடம் முதுகு, கெட்டுப்போனது வேலை என்றே பார்க்கிறோம். பிறப்புறுப்பு வலியையும் முதலில் வலியாகவே ஆராய வேண்டும் என்று பினிக் வாதிட்டார். அவருடைய குழுவில் இருந்த கரோலின் பூக்கால் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இப்பெண்களுக்குக் கை, தோள் போன்ற தொடர்பில்லாத இடங்களிலும் தொடுதலும் வலியும் இயல்பைவிடக் கூர்மையாக உணரப்படுவது தெரியவந்தது. நரம்பு மண்டலமே வலியைக் கூட்டிச் சொல்லப் பழகியிருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. ‘கற்பனை வலி’ என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, முன்பு தனித்தனியாக இருந்த உடலுறவு வலியையும் யோனித் தசை இறுக்கத்தையும் ஒரே நோயறிதலாக இணைத்தது. ஆனாலும் அதைப் பாலியல் குறைபாடுகளின் அத்தியாயத்திலேயே வைத்திருக்கிறது.

வலி உண்மை என்றால் உளவியலுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி எழும். நாட்பட்ட வலி எதற்கும் ஒரு சுழற்சி உண்டு. ஒருமுறை வலித்த பெண் அடுத்த முறை வலிக்குமோ என்று அஞ்சுகிறார். அச்சத்தால் கவனம் முழுவதும் வலியின் மேலேயே குவிகிறது. இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகுகின்றன. கிளர்ச்சி குறைந்து ஈரம் வற்றுகிறது. இறுகி வறண்ட இடத்தில் உராய்வு மேலும் வலிக்கிறது. அஞ்சியது சரிதான் என்று மனம் குறித்துக்கொள்கிறது. இதில் எந்தக் கண்ணியை அறுத்தாலும் பயன் உண்டு. சோஃபி பெர்ஜரானும் பினிக்கும் சகாக்களும் 78 பெண்களைக் கொண்டு 2001இல் வெளியிட்ட சோதனையில், வலிக்கும் திசுவை அகற்றும் அறுவை சிகிச்சை, தசையைத் தளர்த்தப் பழக்கும் கருவிப் பயிற்சி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும், குழுவாக அளிக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுமே பயனளித்தன; வலியைக் குறைப்பதில் அறுவை சிகிச்சை முந்தியது. ஆனால் இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேட்டபோது, உடலுறவின்போது உணரும் வலியைப் பொறுத்தவரை உளவியல் சிகிச்சை பெற்றவர்களும் அறுவை சிகிச்சை பெற்றவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம்தான். வலியால் துடிக்கும் பெண்ணின் அருகில் இன்னொருவர் இருக்கிறார். அவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று நெடுநாள் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அதை விரிவாகக் கேட்டவர்களில் ஒருவர் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நடாலி ரோசன். அவரும் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பெர்ஜரானும் துணைவரின் மறுமொழிகளை மூன்றாகப் பார்க்கிறார்கள். முதலாவது எரிச்சலும் கோபமும். அது தீங்கு செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது அளவு கடந்த பரிவு: “வேண்டாம்மா, விட்டுவிடலாம், இனி இந்தப் பேச்சே வேண்டாம்” என்று உடனே விலகிக்கொள்வது. மூன்றாவது, வலியை மதித்துக்கொண்டே நெருக்கத்துக்கான வேறு வழிகளை நாடும் ஊக்கம்: எது இதமாக இருக்கிறது என்று கேட்பது, அதைச் சொன்னதற்கும் முயன்றதற்கும் மகிழ்ச்சியை வெளிக்காட்டுவது.

கோபத்தைவிடப் பரிவு நல்லதுதானே என்று எவரும் எண்ணுவார்கள். ஆனால் துணைவர் மிகுதியாகப் பரிவு காட்டிய பெண்களுக்கு வலி அதிகமாகவே இருந்தது; அதே பெண்களின் பாலியல் மனநிறைவும் கூடுதலாக இருந்தது என்று 2010இல் ரோசன் குழுவினர் கண்டார்கள். இந்த முடிவை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்பு உணரப்படுகிறது, அதனால் மனம் நிறைகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் விலகுவது, இது ஆபத்தான செயல் என்ற செய்தியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. நாளடைவில், எங்கே அது உடலுறவில் போய் முடியுமோ என்று தோளில் கைபோடுவதையும் இருவரும் தவிர்க்கிறார்கள். நல்ல மனம் படைத்த கணவர்கள் பலர் செய்வது இதையே என்பதால் இது எனக்கு வேதனை தருகிறது. தம்பதியரை எட்டு வாரங்கள் அன்றாடம் குறிப்பெழுதச் சொல்லி நடத்திய ஆய்விலும், துணைவர் ஊக்கமாக நடந்துகொண்ட நாட்களில் பெண்ணின் பாலியல் செயல்பாடு மேம்பட்டும், கோபமோ மிகைப் பரிவோ கூடிய நாட்களில் தாழ்ந்தும் இருந்தது.

பெண்ணின் பக்கமும் இதேபோல் ஆராயப்பட்டிருக்கிறது. ஏமி மியூஸ், ரோசன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, தன் தேவையை அடியோடு ஒதுக்கிவிட்டுத் துணைவருக்காக மட்டும் உடன்பட்ட நாட்களில் பெண்ணுக்கு வலி கூடியது, இருவரின் மனநிறைவும் குறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவதைக் கற்பின் பகுதியாகவே சொல்லித்தந்த வீடுகளில் வளர்ந்த நம் பெண்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். அந்தத் தியாகம் கணவருக்குக்கூடப் பயன்படுவதில்லை.

இவற்றின் அடிப்படையில் பெர்ஜரானும் ரோசனும் சகாக்களும், கணவன் மனைவி இருவரையும் சேர்த்து அளிக்கும் சிகிச்சையை உருவாக்கி, 108 தம்பதியரிடம் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு 12 வாரத் தம்பதியர் சிகிச்சை, மற்றொரு பிரிவுப் பெண்களுக்கு இரவுதோறும் தடவும், தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் களிம்பு. வலியின் கடுமை இரு பிரிவிலும் குறைந்தது. வலி தரும் துன்ப உணர்வும் அதைச் சூழ்ந்த அச்சமும் தணிந்தது தம்பதியர் சிகிச்சையில்தான் அதிகம். இதில் கனடாவின் தம்பதியர் பங்கேற்றார்கள். பெரியவர்கள் பார்த்து வைத்த, இப்போதுதான் ஒருவரையொருவர் அறியத் தொடங்கியிருக்கும் தம்பதியருக்கு அதே முறையை அப்படியே பொருத்த முடியாது என்பது என் கருத்து. அவர்களுக்கு, உடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் வாய்விட்டுப் பேசுவதற்கே சில அமர்வுகள் தேவைப்படுகின்றன.

இந்த வலி உள்ளவர்கள் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் சென்று, தொற்று, தோல்நோய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) போன்றவை இல்லையென உறுதிசெய்துகொள்ள வேண்டும். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சியளிக்கும் இயன்முறை மருத்துவர் கிடைத்தால் அவரையும் பார்க்கலாம். உளவியல் ஆலோசனைக்கு வரும்போது மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்கும் கணவர்களிடம் நான் உள்ளே வந்து உட்காரச் சொல்கிறேன். முதல் சில வாரங்களுக்கு ஊடுருவல் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே ஒப்புக்கொள்வார்கள். எந்தத் தொடுதல் இதம், எது வலி என்பதை மனைவி சொல்லவும், கணவர் பதறாமல் கேட்கவும் பழகுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.