களைக்குது

“கொஞ்சம் களைக்குது பிள்ளை. வேற ஒண்டுமில்லை.”

செவ்வாய்க்கிழமை மதியம் போனில், நான் பார்த்துவரும் இதய நோயாளியான ஐயா சொன்னது இவ்வளவுதான். “புது டோஸ் பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் ஐயா. ஓய்வெடுங்க, வெள்ளிக்கிழமை நான் வர்றேன்” என்றேன். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அவர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ். நுரையீரல் முழுக்க நீர். நீர் பிரிய நரம்பில் ஃபுரோசமைடு, ஒன்பது நாள் வார்டு.

அவர் வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த அம்மா சொன்னார்: “களைக்குது எண்டு அண்டைக்கே உங்களுக்குச் சொன்னவர்தானே பிள்ளை. படி ஏறேலாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டவர்.” குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் பக்கம் களைப்பு என்றால் அசதி. வேலை முடிந்து வந்து திண்ணையில் சாய்கிறோமே, அது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே களைக்கிறது என்றால் மூச்சு இரைக்கிறது. லண்டனில் நர்ஸாக எட்டு வருஷமாக ஈழத்து நோயாளிகளைப் பார்க்கிறேன். மாத்திரையைக் குளிசை என்பார்கள், நோயை வருத்தம் என்பார்கள். முதல் மாதமே கற்றுக்கொண்டேன். காதுக்குப் புதிதான சொல்லென்றால் நின்று கேட்டுவிடுவோம். இது எனக்குத் தெரிந்த சொல்லாகவே இருந்தது.

ஒரு வாரம் முன்புதான் இதயத் துடிப்பைத் தணிக்கும் பிசோப்ரலால் மாத்திரையை 2.5 மில்லிகிராமிலிருந்து 3.75 ஆக்கியிருந்தேன். அந்த மருந்தைக் கூட்டினால் சிலருக்குச் சில நாள் அசதியாக இருக்கும்; பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் கூட்டிய பிறகு மூச்சு வாங்கினால் கதை வேறு. உடம்பில் நீர் தேங்குகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும், நீர் பிரியும் மாத்திரையை ஏற்ற வேண்டும், தேவைப்பட்டால் பிசோப்ரலாலைப் பழைய அளவுக்கே இறக்க வேண்டும். எந்தப் பொருளில் சொன்னார் என்பதைப் பொறுத்து நான் செய்ய வேண்டியதே மாறிவிடும்.

எடை கேட்டேன். கேட்காமல் இல்லை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிடச் சொல்லித்தான் எல்லோருக்கும் தராசு வைக்கச் சொல்கிறோம். “எல்லாம் அப்பிடியேதான்” என்றார். தராசு குளியலறைத் தரையிலிருந்து ஹால் கம்பளத்துக்கு இடம் மாறியிருந்தது பிறகுதான் தெரிந்தது. கம்பளத்தில் வைத்தால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. இது என் தவறில்லை என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஆனால் வேறு எவ்வளவோ கேட்கவில்லை. மூச்சு முட்டாமலிருக்க எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறீர்களா, கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதா? ஒரு ஆங்கிலேயர் ‘டயர்டாக இருக்கிறது’ என்றிருந்தால் இந்தப் பட்டியல் முழுவதையும் கேட்டிருப்பேன். ஐயாவிடம் முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினேன். அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கிற மனிதருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்திருப்பேனோ? அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் மூச்சு அறுந்து அறுந்து வந்ததா என்று இப்போது நினைவில் தேடுகிறேன். சில நாள் கேட்டது போல இருக்கிறது. சில நாள், அதுவும் நானாகச் சேர்த்துக்கொண்டதுதான் என்று தோன்றுகிறது.

டீமில் வவுனியாக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் மட்டும் சொன்னேன். “நாங்கள் அலுப்புக்கும் களைப்பு எண்டு சொல்லுறதுதான் அக்கா. நானும் அப்பிடித்தான் எடுத்திருப்பன்” என்றாள். உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னாளா? அவள் காதில் விழுந்திருந்தால் மறுகேள்வி கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைப்பதும் ஒருவகையில் வசதிதான். பிழை ஊர்வழக்குடையது என்றாகிவிடும், என்னுடையதாக இராது.

நடந்ததைப் பற்றி வழக்கமான விசாரணை நடந்தது. பதிவைப் படித்தார்கள். எடை மாற்றமில்லை, டோஸ் கூட்டிய பின் அசதி, மூன்று நாளில் நேரில் பார்க்கத் திட்டம். முடிவு நியாயமானதுதான் என்றார்கள். அவர்கள் படித்தது ஆங்கிலத்தில் நான் எழுதியதை. அவர் சொன்ன சொல் எந்தப் பதிவிலும் இல்லை. கேட்ட நொடியிலேயே மனசுக்குள் மொழிபெயர்த்துவிட்டேன். அப்படி ஒன்று செய்தோம் என்பதே எனக்குத் தெரியவில்லை. “மொழியிலும் ஒரு சின்னக் குழப்பம் இருந்திருக்கலாம்” என்று இழுத்தேன். “நீங்களும் தமிழ்தானே?” என்றார் மேலாளர். ஆமாம் என்றேன். அதோடு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்கள். அந்த ‘ஆமாம்’ பொய்யில்லை.

குடும்பத்தாரை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது, அதற்கென்று இருக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று மற்ற நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். மகன் நடுவில் நின்று பேசினால் பாதி விழுங்கிவிடுவான் என்று உதாரணமெல்லாம் சொல்வேன். எனக்கு அந்த ஆள் தேவையென்று ஒருநாளும் தோன்றியதில்லை. தமிழ் நோயாளி யார் வந்தாலும் என் பெயருக்குத்தான் வருவார்கள்.

இப்போதெல்லாம் தலையணைக் கேள்வியை யாரிடமும் விடுவதில்லை. போன வாரம் ஐயாவிடமும் கேட்டேன். “ரெண்டு” என்றார். “களைக்குதா ஐயா?” என்றதற்கு, “இல்லைப் பிள்ளை, அலுப்புத்தான்” என்றார், எனக்காகச் சொல்லைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர் போல. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினேன், ஆக்ஸிஜன் 96 சதவீதம். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு தடவை வைத்துக் கேட்டேன்.

காருக்குத் திரும்பி லேப்டாப்பில் அவர் பதிவைத் திறந்தேன். மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற கேள்விக்குத் தேவையில்லை என்று நான் போட்ட டிக் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்கு ஏற்கெனவே இருபது நிமிடம் தாமதம். மூடிவிட்டேன்.