கடலைக் கடையும் புயல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்த பிறகு, எங்கள் தென்னந்தோப்பில் மட்டைகளும் குரும்பைகளும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. வேரோடு சாய்ந்த மரங்களை எண்ணிய எனக்கு, அந்தப் புயல் கடலை என்ன செய்துவிட்டு வந்தது என்ற கேள்வி அப்போது எழவில்லை.

தயிரை மத்தால் கடைவதைப் போலப் புயற்காற்று கடலின் மேல்நீரைக் கடைந்து, அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே இழுக்கிறது. அதனால் புயல் சென்ற தடத்தில் கடற்பரப்பு குளிர, மேலிருந்த வெப்பம் ஆழத்துக்கு இறங்குகிறது. துருவங்களை நோக்கி வெப்பத்தைச் சுமந்து செல்லும் பெருங்கடல் நீரோட்டங்களுக்கு இந்தக் கலக்கலே முக்கிய உந்துதலாக இருக்கலாம் என்று அமெரிக்க வானிலை அறிஞர் கெரி இமானுவேல் 2001இல் வாதிட்டார். அப்படியானால் புயல்கள் வலுக்கும்போது நீரோட்டங்களும், அவற்றோடு தட்பவெப்பமும் மாறக்கூடும். ஆனால் இறங்கிய வெப்பத்தில் ஒரு பகுதி குளிர்காலத்தில் மேலேறி மீண்டும் காற்றில் கலந்துவிடுவதைப் பிந்தைய ஆய்வுகள் சுட்டியதால், அந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன்.

நம் வங்கக்கடல் இதில் தனி ரகம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் (நம் காவிரியின் பங்கு சொற்பமே) குறிப்பாக அதன் வடபகுதியில் உப்புநீர்மேல் மூடிபோலப் படர்ந்திருப்பதால், பருவமழைக்குப் பின் எவ்வளவு கடைந்தாலும் குளிர்நீர் எளிதில் மேலே வருவதில்லை. அந்தக் குளிர்ச்சி தட்டாத புயலும் எளிதில் வலுவிழப்பதில்லை.