டிவி சத்தத்தைக் குறைக்கிறவள்

முதலில் பார்த்த தெரபிஸ்டிடம் மொத்தம் இரண்டு தடவைதான் போனோம். அவர் கொடுத்த படிவத்தில் 'கணவர் பெயர்', 'மனைவி பெயர்' என்று இரண்டு கட்டம். இவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ எதுடி?" என்றாள். கடைசியில் 'கணவர்' என்பதை அடித்துவிட்டு, இரண்டு பெண்களின் பெயரையும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கி எழுதினோம். அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அவர் கெட்டவர் இல்லை. "எனக்கு எந்தப் பாகுபாடும் கிடையாது" என்று வாய் நிறையச் சொன்னார். ஆனால் ஐம்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் நாங்கள்தான் அவருக்குப் பாடம் எடுத்தோம். எப்போது தெரிந்துகொண்டீர்கள், வீட்டில் தெரியுமா, உங்களில் யார்... என்று பாதியில் இழுத்து நிறுத்துவார். இரண்டாம் தடவை, சின்ன வயதில் அப்பாவோடு எப்படி என்று அவர் ஆரம்பித்த தோரணையிலேயே எங்கே போகிறார் என்று புரிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990-இல். பட்டியலிலிருந்து போய்விட்டது, காரணம் தேடுகிற பழக்கம் போகவில்லை. நாங்கள் அங்கே போனது அதற்கா? ஒரே வீட்டுக்குள் பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம், அதற்கு.

அடுத்தவரைத் தேடும்போது கொஞ்சம் உஷாராக இருந்தோம். நேரம் குறிப்பதற்கு முன்பே போனில் கேட்டோம்: இணையர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசத் தனிப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? தனி ஆளுக்கு கவுன்சலிங் செய்வது வேறு, இது வேறு என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. எங்களைப் போன்றவர்கள் உங்களிடம் வந்திருக்கிறார்களா? வந்திருக்கிறார்கள் என்றார், திருநங்கைகள், திருநம்பிகள் உட்பட. பிறகு அவராகவே சொன்னது, "எனக்குத் தெரியாதது ஏதாவது வந்தால் உங்கள் காசில் கற்றுக்கொள்ள மாட்டேன். வெளியே படித்துவிட்டு வருவேன்." இவள் போனின் மறுபக்கத்தில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள்.

இவருடைய படிவத்திலும் ஒரு கட்டம் இருந்தது, ஆனால் காலியாக: 'உங்கள் இருவரின் உறவை நீங்கள் என்ன சொல்லால் சொல்வீர்கள்?' தனித்தனித் தாளில் எழுதச் சொன்னார். இவள் 'இணையர்' என்று எழுதியிருந்தாள். நான் 'தோழி' என்று எழுதியிருந்தேன். பழக்கதோஷம் என்றேன். இவள் ஒன்றும் சொல்லவில்லை. தெரபிஸ்ட் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

முதல் முறை இருவரும் சேர்ந்து, அடுத்து ஆளுக்கொரு தடவை தனியாக, அதன்பின் எப்போதும் சேர்ந்து. தனியாகப் போவதற்கு முன்பே ஒரு விதியைச் சொல்லிவிட்டார்: உறவைப் பாதிக்கிற விஷயத்தை என்னிடம் மட்டும் சொல்லி மறைக்கச் சொன்னால் மறைக்க மாட்டேன். எனக்கு அது உறுத்தியது. கொஞ்சமாவது என் கட்சிக்கு ஆள் பிடிக்கலாம் என்று நினைத்துப் போயிருந்தேன்.

தனிச் சந்திப்பில் அவர் கேட்டதெல்லாம் வேறு. அவளைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்களா? எப்போதாவது கை நீட்டியதுண்டா? கடைசியாக, "உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா?" அப்படி ஒரு மிரட்டல் இருக்கும் என்று யோசித்துக் கேட்க எங்கள் உலகம் தெரிந்திருக்க வேண்டும். அடியும் மிரட்டலும் இருக்கிற இடத்தில் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தால், உள்ளே சொன்ன உண்மைக்கு வீட்டுக்குப் போய் அடி வாங்க நேரும். அதனால்தான் முதலிலேயே கேட்கிறேன் என்றார். எங்களிடம் அதெல்லாம் இல்லை. சாதாரணச் சண்டைதான், நாள்பட்டது.

நான்காவது சந்திப்பில் அது வெடித்தது. தயாரிப்போடு போயிருந்தேன். எங்கள் பிரச்சினைக்கெல்லாம் காரணம் வெளியே இருக்கிறது, மறைந்து வாழ வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு அழுத்தம் என்று பேச ஆரம்பித்தேன். பொய்யும் இல்லை. இவள் குறுக்கே, "உங்க அம்மா போன் பண்ணா நான் டிவி சத்தத்தைக் குறைக்கிறேன். ஏழு வருஷமா குறைக்கிறேன். நீ அப்பவும் எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவ" என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. எங்கள் விரல்களில் நாடித்துடிப்பைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் மாட்டியிருந்தார். என் விரலில் 112 என்று ஓடியது நினைவிருக்கிறது. இணையர் உறவுகளை ஆராய்ந்த ஜான் காட்மன் என்பவரின் வழியில் பயிற்சி பெற்றவர்கள் இப்படிச் செய்வதுண்டாம். சண்டையில் நாடித்துடிப்பு நூறைத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது, அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு என்னை ஒரு பத்திரிகை புரட்டச் சொன்னார். காசு கொடுத்துவிட்டு பத்திரிகை படிக்கிறோமே என்று எரிச்சலாக இருந்தது. 84-க்கு வந்தபிறகுதான் இவள் சொன்னது காதில் விழுந்தது.

எங்களைப் புரிந்தவர் என்பதால், அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் என் உரிமை என்று எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசினார். "எப்போது சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், யாரும் தள்ளக் கூடாது" என்று இவளைப் பார்த்தே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது வேறு. எழுந்து அடுத்த அறைக்குப் போவது வேறு. இரண்டாவதைச் செய்யச் சொல்லி உங்களை யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்றார். யாரும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க முதல் தெரபிஸ்டுக்கு வாய்ப்பே வந்திருக்காது. எங்கள் கதையைப் புரியவைப்பதிலேயே எங்கள் நேரம் தீர்ந்திருக்கும்.

வீட்டுப்பாடங்களில் பாதி எங்களுக்கு ஒத்துவரவில்லை. 'நீ' என்று குற்றம் சாட்டாமல் 'நான் இப்படி உணர்கிறேன்' என்று பேசிப் பழகச் சொன்னார். 'நான் கோபமாக உணர்கிறேன்' என்று எந்தத் தமிழச்சி வீட்டில் பேசுவாள்? இவள்தான் கண்டுபிடித்தாள்: 'எனக்குக் கோபம் வருது' என்பதே அதுதானே. கோபம் எனக்கு வருகிறது, நீ கொண்டுவந்தாய் என்று அதில் எங்கும் இல்லை. தெரபிஸ்ட் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னொன்று, இணையர்களுக்குள் வரும் பிணக்குகளில் 69 சதவீதம் தீராதவை, காலம் முழுக்கக் கூடவே வருபவை என்பது காட்மனின் கணக்கு. கேட்டதும் எனக்குக் கடுப்பானது. தீராது என்று கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? இவளுக்கோ நிம்மதி. நான் எங்கும் நேரத்துக்குக் கிளம்பாததை அந்த 69-இல் சேர்த்துவிட்டாள். ஏழு வருடத்தில் முதல்முறையாக அதைப் பற்றிக் கத்துவதை நிறுத்தினாள்.

பதினான்கு தடவை போயிருக்கிறோம். இப்போது மாதத்துக்கு ஒன்று.

போன வாரம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. இவள் கை ரிமோட்டுக்குப் போய்ப் பாதியில் நின்றது. "என்னடி அங்க சத்தம்?" என்றாள் அம்மா. "நாங்க டிவி பாக்கறோம்மா" என்றேன். 'நாங்க' என்றால் யார் யார் என்று அம்மா கேட்கவில்லை. இன்னொரு நாள் கேட்கலாம். நான் பேசி முடிப்பதற்குள் இவள் ரிமோட்டை எடுத்துச் சானலை மாற்றிவிட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்த சானலை. அன்றைக்கு ராத்திரிச் சண்டை அதற்குத்தான்.