ஒரு ஹஜ் தபால் தலை புதுநகரம் வந்து சேர்ந்த கதை

முதல் உறை வந்த நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கஅபாவின் படம் போட்ட அழகான தபால் தலை. அதன் குறுக்கே நீல மையில் ஒரு பேனாக் கோடு. வழியில் எந்த ஊரில், யார் இழுத்தார் என்று தெரியவில்லை. முத்திரை விழாமல் வந்த தலையை மறுபடி யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று இழுத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அத்தா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அத்தா 1989-இல் மும்பையிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர். அந்தக் கப்பல் போக்குவரத்தே 1995-உடன் நின்றுபோனது. ஜித்தாவில் இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போட்ட கடிதத்தை உறையோடு கரையான் தின்றுவிட்டது. இப்போது 77 வயதில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஹஜ் காலத்துக்கென்று சவுதியில் வெளியிடும் தபால் தலையை ஒட்டி, அங்கேயே முத்திரை விழுந்து, தபாலிலேயே வந்த ஓர் உறை. கடையில் வாங்கிய தலை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதலில் ஒரு பெரிய நகரத்தின் தபால் தலை சேகரிப்பாளர் கவுண்டருக்குப் போய் ஒரு நாளை வீணடித்தேன். அங்கே இந்தியத் தலைகள்தான் விற்பார்கள். கேட்டுவிட்டுப் போயிருந்தால் பஸ் செலவாவது மிஞ்சியிருக்கும்.

பிறகு ஜித்தாவில் வேலை பார்க்கும் என் மச்சானிடம் சொன்னேன். கவுண்டரில் உறையைக் கொடுத்தால் தலை ஒட்டாமல் அச்சடித்த சீட்டை ஒட்டுகிறார்கள் என்று அவர் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தானே தலையை வாங்கி ஒட்டி, பெட்டியில் போட்டார். அந்த உறைதான் பேனாக் கோட்டோடு வந்தது. ஆகவே, இப்படி ஒன்றை வரவழைக்க நினைப்பவர்கள் பெட்டியில் போடச் சொல்லாதீர்கள். அனுப்புகிறவர் தானே தலையை ஒட்டி, கவுண்டரில் நின்று, தலையின் ஒரு மூலையில் மட்டும் படும்படி கையால் முத்திரை குத்தச் சொல்லி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

இரண்டாம் முறை மச்சான் அப்படியே செய்தார். ஆனால் ஆசையில், அத்தாவின் ஆல்பத்துக்கென்று பயன்படுத்தாத தலைகள் நான்கையும் உள்ளே வைத்துவிட்டார். வெறும் கடிதமாக இருந்தது அதனால் பொருளாகிவிட்டது. சுங்கச் சோதனையில் பிரித்துப் பார்த்து டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தலைக்கும் அந்த டேப்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். அல்லாஹ்தான் காப்பாற்றினான். ஆல்பத்துக்கான தலைகளைத் தனி உறையில், சுங்க அறிவிப்புச் சீட்டோடு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த சோதனை நம் ஊரில் காத்திருந்தது. தபால்காரர் வந்தபோது அத்தாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தோம். கதவிடுக்கில் அறிவிப்புச் சீட்டு. ஏழு நாளுக்குள் வாங்காவிட்டால் உறை ஜித்தாவுக்கே திரும்பிவிடும். அத்தாவால் படியிறங்கி வர முடியாது. அவருடைய ஆதாரோடும் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடும் நான் போனேன். கவுண்டரில் இருந்தவர் மூன்று காரணம் சொன்னார்: உறையில் வீட்டுப் பெயர் இல்லை, ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருக்கும் 'ராவுத்தர்' உறையில் இல்லை, கடிதம் தமிழில் இருக்கிறது.

முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். மூன்றாவதுதான் நெஞ்சில் தைத்தது. எங்கள் புதுநகரம் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் என்றாலும், இந்தச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தமிழ்தான் பேசுகிறோம். "சார், எங்கள் அத்தாவுக்கு எழுதத் தெரிந்த மொழி இதுதான்" என்றேன். "மலையாளத்தில் அல்லது ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள்" என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் விடுமுறை. ஏழில் இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் மலையாளத்தில் எழுதிய கடிதம், ஆதார் நகல், ரேஷன் அட்டை, மச்சான் அனுப்பிய பதிவு ரசீதின் படம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். ரசீதில் இருந்த பதிவு எண்ணும் அறிவிப்புச் சீட்டில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்ததுதான் கடைசியில் வழி திறந்தது. எதை மறந்தாலும் அந்த எண்ணை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உறையை எடுத்த ஊழியர் தேதி முத்திரையை நேராகத் தலைக்கு மேலே கொண்டுபோனார். நான் கவுண்டருக்குள் கையை நீட்டியே விட்டேன். "சார், பின்பக்கம்! தயவுசெய்து பின்பக்கம்!" சத்தம் கேட்டு உள்ளே இருந்த போஸ்ட் மாஸ்டர் அம்மா எழுந்து வந்தார். எதற்காக என்று கேட்டார். சொன்னேன். 1989, கப்பல், கரையான் எல்லாம். அவர் முத்திரையைத் தன் கையில் வாங்கி, முதலில் பழைய தாளில் இரண்டு முறை குத்தி மையைச் சரிபார்த்துவிட்டு, உறையைத் திருப்பி, இடது மூலையில் ஒரே அழுத்து அழுத்தினார். ஊர்ப் பெயரும் தேதியும் ஓர் எழுத்துக் கூட மங்காமல் விழுந்தன. மை காயும்வரை அதைத் தன் மேசையிலேயே வைத்திருந்து பிறகுதான் கொடுத்தார்.

அத்தா தலையைத் தொடவில்லை. பூதக்கண்ணாடியை வைத்து, அதில் அரபி எண்ணில் அச்சிட்டிருந்த ஹிஜ்ரி ஆண்டை ஒவ்வோர் இலக்கமாகத் தானே வாய்விட்டுப் படித்தார். பிறகு உறையைத் திருப்பச் சொல்லி, பின்பக்கத்தில் நம் ஊர்ப் பெயரையும் படித்தார்.