இயற்கைக் களிமண்ணுக்கு மாடல் அமைக்கும்போது

மென்களிமண் மேல் வரும் சாலைக்கரைக்குச் செட்டில்மென்ட், அதாவது அது எவ்வளவு கீழிறங்கும் என்று கணக்கிடும் கூட்டங்களில், மண்ணின் நடத்தையைச் சொல்லும் கணித மாடல் எது என்ற விவாதம்தான் நீளும். மண் மாதிரி எந்த நிலையில் ஆய்வகம் வந்து சேர்ந்தது என்று கேட்பவர் குறைவு. பெரும்பிழைகள் அங்கேதான் நுழைகின்றன.

1968இல் ராஸ்கோவும் பர்லேண்டும் தந்த மாடிஃபைடு கேம் கிளே மாடல், குழைத்து மறுபடி இறுக்கிய களிமண்ணுக்கு நன்றாகப் பொருந்தும். இயற்கைக் களிமண்ணில் துகள்களிடையே பிணைப்பு உண்டு. அதனால் அதே வெற்றிட விகிதத்தில் (திடத்துகள்களின் கன அளவுக்கு இடைவெளிகளின் கன அளவு) குழைத்த மண்ணைவிட அதிக அழுத்தம் தாங்கும். மீளாமல் அமுங்கத் தொடங்கும் யீல்ட் அழுத்தத்தைத் தாண்டினால் பிணைப்பு அறுந்து வேகமாக அமுங்கும். கனடாவின் லீடா களிமண்ணில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

குழாயை அழுத்தி மாதிரி எடுக்கும்போதே பிணைப்பில் ஒரு பகுதி போய்விடுகிறது. மாதிரியைப் பக்கவாட்டில் விரியவிடாமல் அமுக்கிப் பார்க்கும் ஓடோமீட்டர் சோதனையின் வரைபடத்தில் கூர்மையாகத் திரும்பவேண்டிய வளைவு மழுங்கிவிடும். யீல்ட் அழுத்தம் குறைவாகவும், அதன் பிந்தைய சரிவு தட்டையாகவும் கிடைக்கும். சிறு சுமைக்குச் செட்டில்மென்ட் மிகையாக வரும். யீல்ட்டைத் தாண்டும் சுமைக்குக் குறைவாகவும் வந்துவிடலாம், அதுதான் ஆபத்து.

சோதிக்க எளிய வழி உண்டு. மாதிரியைத் தரையடியில் அது தாங்கியிருந்த அழுத்தத்துக்குக் கொண்டுபோகும்போது வெற்றிட விகிதம் எவ்வளவு குறைகிறதோ, அதைத் தொடக்க விகிதத்தால் வகுக்கவேண்டும். மிகையிறுக்க விகிதம் (யீல்ட் அழுத்தத்தைத் தரையடி அழுத்தத்தால் வகுத்தது) 2க்குள் உள்ள மண்ணில் 0.04க்குக் கீழ் என்றால் மிக நன்று, 0.07 வரை ஏற்கலாம். 0.14ஐத் தாண்டிய மாதிரியிலிருந்து மாடலுக்கு எண் எடுக்கவே கூடாது.

அடுத்தது சுமைப்படிகள். 50, 100, 200, 400 கிலோபாஸ்கல் என்று இரட்டிப்பது பழகிய வழக்கம். யீல்ட் 130இல் இருந்தால் அதைச் சுற்றி ஒரு புள்ளியும் விழாது. அந்த இடத்தில் 15, 20 கிலோபாஸ்கலாக ஏற்றவேண்டும், அல்லது படிகளின்றி மாறா வேகத்தில் அமுக்கும் சோதனை செய்யவேண்டும். அமுக்கும் வேகம் பத்து மடங்கானால் யீல்ட் அழுத்தம் சுமார் 10 சதவீதம் ஏறும் என்பதால், ஆய்வக வேகத்தில் கிடைத்த எண்ணை அப்படியே களத்துக்கு எடுப்பது தவறு.

பிணைப்புச் சிதைவைக் கணக்கில் கொள்ளும் எஸ்-கிளே1எஸ் போன்ற மாடலுக்கு லாம்ப்டாவை (யீல்ட்டுக்குப் பிந்தைய கோட்டின் சரிவு) குழைத்த மாதிரியிலிருந்தே எடுக்கவேண்டும். அதே மண்ணை நீர்ம வரம்பின் (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் நீரளவு) 1.25 மடங்கு நீரில் குழைத்து இறுக்கினால் அது கிடைக்கும். இயற்கை மாதிரியின் செங்குத்தான சரிவைக் கொடுத்தால் சிதைவு இருமுறை கணக்காகும். அடிக்கடி நடக்கும் பிழை இது. முழுக் கரையையும் கணினியில் ஓட்டுவதற்கு முன், ஓடோமீட்டர் சோதனையை மட்டும் ஒற்றை எலிமென்ட்டாக (ஒரே கணக்கீட்டுக் கூறாக) ஓட்டி ஆய்வக வளைவோடு ஒப்பிட்டால் அன்றே பிடிபட்டுவிடும்.