0.82 வந்தும் தேறாத ஆர்

போன மாதம் ஜெலுத்தோங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா மகள் நோட்டும் கால்குலேட்டருமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலேஜில் முதல் ஆண்டு. புள்ளியியல் பாடத்துக்குச் சொந்தமாகத் தரவு சேகரித்து ஒட்டுறவுக் கெழு, அதாவது எல்லாரும் ஆர் (r) என்று சொல்வது, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து கூடிக் குறைகின்றன என்று கழித்தல் 1-க்கும் 1-க்கும் இடையில் காட்டும் எண், அதைக் கணக்கிட்டுச் சோதிக்க வேண்டுமாம். அவள் எங்கும் அலையவில்லை. அக்காவின் சாப்பாட்டுக் கடையிலேயே 5 நாள், மதியம் 1 மணிக்குக் கைப்பேசி காட்டிய வெப்பநிலையையும் அன்று விற்ற தே ஓ ஐஸ், லிமாவ் ஐஸ், பண்டுங் என்று குளிர்பானம் எல்லாம் சேர்த்து எத்தனை கிளாஸ் என்பதையும் எழுதி வைத்திருந்தாள்.

வெப்பம் 30, 31, 32, 33, 34 டிகிரி. கிளாஸ் அதே வரிசையில் 40, 52, 45, 60, 58.

கணக்கைக் கையால் போடச் சொன்னேன், ஏனென்றால் கால்குலேட்டரில் பொத்தானை அழுத்தி வரும் ஆர் எதை அளக்கிறது என்று மனதில் நிற்காது. வெப்பத்தின் சராசரி 32, கிளாஸின் சராசரி 51. ஒவ்வொரு நாளும் இரண்டும் தத்தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகின என்று பார்த்து, அந்த இரண்டு விலகலையும் பெருக்க வேண்டும். முதல் நாள் வெப்பம் 2 குறைவு, கிளாஸ் 11 குறைவு, பெருக்கினால் கூட்டல் குறியோடு 22. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் கூட்டலாகவும் எதிரெதிராகச் சாய்ந்தால் கழித்தலாகவும் வருகிறது பாருங்கள், ஆரின் உயிரே அதில்தான் இருக்கிறது. 5 நாளையும் கூட்டினால் 44. வெப்ப விலகல்களின் வர்க்கக் கூட்டல் 10, கிளாஸுக்கு 288. இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதனால் 44-ஐ வகுத்தால் 0.82.

"0.82 மாமா, ரொம்ப ஸ்ட்ராங்!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

சரி, இனி சோதனை. வெப்பத்துக்கும் விற்பனைக்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் வெறும் தற்செயலாக இவ்வளவு பெரிய ஆர் வர எவ்வளவு வாய்ப்பு? இதற்கு டி என்ற அளவு: நாள் எண்ணிக்கையில் 2-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்து ஆரோடு பெருக்கு, அதை 1-லிருந்து ஆரின் வர்க்கம் போக மீதியின் வர்க்கமூலத்தால் வகு. ஏன் 2-ஐக் கழிக்கிறோம் என்று கேட்டாள், நல்ல கேள்வி. இரண்டே நாள் தரவு இருந்தால் இரண்டு புள்ளி வழியாக ஒரு கோடு எப்போதும் போகும், ஆர் 1 அல்லது கழித்தல் 1 என்று தானாக வந்துவிடும். அதில் சோதிக்க எதுவுமே மிச்சமில்லை. மூன்றாவது நாளிலிருந்துதான் தரவு பேசத் தொடங்குகிறது.

அவளுக்கு வந்த டி 2.48. டி அட்டவணையில் 5 விழுக்காட்டு மட்டத்தில், அதாவது தற்செயலைச் சம்பந்தம் என்று 100-க்கு 5 தடவைக்கு மேல் ஏமாறக் கூடாது என்ற கணக்கில், விற்பனை கூடுவது குறைவது இரண்டையும் பார்க்கும் இருபக்கச் சோதனைக்கு, 3.182 வேண்டும். தேறவில்லை. சம்பந்தமே இல்லாத 5 நாள் தரவிலும் 100-க்கு 5 தடவை ஆர், கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ, 0.878-ஐத் தாண்டும், அதனால் நம் 0.82-ஐ வைத்து ஒன்றும் அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் நடந்ததுதான் இதை எழுதவே காரணம். அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒருபக்கச் சோதனை போட்டா 2.353 தானே மாமா, பாஸ் ஆயிடும்ல?" என்றாள். எண்கள் சரிதான், 2.48 அதைத் தாண்டும். ஆனால் முடிவைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தினால் 5 விழுக்காடு என்று நாம் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். வெயில் கூடினால் விற்பனை கூடும், அதை மட்டும்தான் சோதிக்கப் போகிறேன் என்று தரவைத் தொடுவதற்கு முன்பே எழுதியிருந்தால் தாராளமாகப் போடலாம். அவள் எழுதியிருக்கவில்லை. இன்னும் 5 நாள் எடுத்து வா என்றேன். கண்டிப்பாகச் சொன்னால்கூட, வலி தெரியாமல் சொல்லத்தான் பார்த்தேன்.

இந்த டி அட்டவணைக்குப் பின்னால் இருப்பவர் கோசெட், டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். 1908-இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். அவர் கையில் இருந்ததும் சின்னச் சின்னத் தரவுகள்தாம், அதை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அவர் கவலை. அக்கா கடையின் 5 நாளும் அதே கவலைதான்.

அடுத்த வாரத் தரவு வந்தது: 30 டிகிரிக்கு 50 கிளாஸ், 31-க்கு 46, 32-க்கு 44, 33-க்கு 56, 34-க்கு 59. பத்து நாளையும் சேர்த்துப் போட்டால் ஆர் 0.76. "குறைஞ்சிடுச்சே" என்று வாடிப்போனாள். டி-யைப் போடு என்றேன். 3.28. பத்து நாளுக்கு 2.306 போதும். 0.82 தேறாத இடத்தில் 0.76 தேறியது. அந்த நிமிடம் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், புள்ளிகளை வரைந்து பார்க்காமல் ஆரை நம்பாதீர்கள். 1973-இல் அன்ஸ்கோம் என்பவர் நான்கு தரவுத் தொகுப்புகளைக் காட்டினார், நான்கிலும் ஆர் கிட்டத்தட்ட 0.816. வரைந்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளிதான் மொத்த ஆரையும் தூக்கி நிறுத்துகிறது. நாங்களும் பத்துப் புள்ளியைக் கட்டத்தாளில் வைத்தோம், கோணல்மாணலாக இருந்தாலும் மேல்நோக்கித்தான் போகிறது.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் இருக்கட்டும், ஒரு டிகிரி கூடினா எத்தனை கிளாஸ் கூடும், அத சொல்லு. ஐஸ் எடுக்கணும்ல" என்றார். ஆரிடம் அதற்குப் பதில் இல்லை, அது சாய்வின் வேலை. அக்கா மகள் நோட்டைத் திருப்பி, பெருக்கல்களின் கூட்டல் 72-ஐ வெப்பத்தின் 20-ஆல் வகுத்து, "3.6-மா" என்றாள்.