ஒரு டிராப் போடாததால் போன ராத்திரிகள்

ரஸ்ட் மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள், அதன் டோக்கியோ லைப்ரரியில் டாஸ்க் ஸ்பான் பண்ணி (ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கிளப்பிவிட்டு) பழகியவர்கள் மட்டும் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இது வெறும் புலம்பல்.

தெரிந்த அண்ணன் ஒருவர் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். தினமும் ராத்திரி 18,000 பொருள்களின் விலையை இணையத்திலிருந்து எடுத்து எஸ்க்யூலைட்டில் (ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸ்) போட்டுத் தரவேண்டும். எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அதனால் எட்டு டாஸ்க் பக்கங்களை இழுத்து வந்து சேனலில் (டாஸ்க்குகளுக்கு இடையே தகவல் போகும் வரிசை) போடும், ஒன்பதாவது மட்டும் எழுதும். அனுப்புபவர் பலர், பெறுபவர் ஒருவர் என்ற எம்பிஎஸ்சி சேனல் இதற்கென்றே தைத்த சட்டை. (பெயரைக் கேட்டால் குரூப் ஃபோர் தேர்வு நடத்துவார்கள் போலிருக்கும்.)

முதல் சொதப்பல் இம்போர்ட்டில். எடிட்டர் தானாகச் சேர்த்தது டோக்கியோவின் எம்பிஎஸ்சி இல்லை, ஸ்டாண்டர்ட் லைப்ரரியுடையது. ரிசீவுக்கு (சேனலிலிருந்து எடுக்கும் அழைப்பு) அவெயிட் (மற்ற டாஸ்க்குகளுக்கு வழிவிட்டுக் காத்திரு என்பது) போட்டேன். இது ஃபியூச்சர் (பிறகு விடை தரும் வேலை) இல்லை, அவெயிட்டை எடு என்றது கம்பைலர். எடுத்தேன். அங்கேயே உறைத்திருக்க வேண்டும். எட்டு கோர் லேப்டாப்பில் பிரமாதமாக ஓடியது. வாடகை சர்வரில் ஒரே கோர். டோக்கியோ வழக்கமாகக் கோருக்கு ஒரு வொர்க்கர் த்ரெட்தான் வைக்கும்; இந்த ரிசீவோ காத்திருக்கும்போது த்ரெட்டையே பிடித்துக்கொண்டு உட்காரும். இருந்த ஒன்றும் போச்சு. எரரும் இல்லை, லாக் ஃபைலில் ஒரு வரியும் இல்லை, எல்லாம் நின்ற இடத்தில் நின்றது.

டோக்கியோ சேனலுக்கு மாறும்போது சோம்பேறித்தனம். அன்பவுண்டட் (அளவுக்கு எல்லை இல்லாத சேனல்) என்றால் செண்டுக்கு அவெயிட் தேவையில்லை, கோடில் மாற்றம் குறைவு. நான் அனுப்பியதோ முழு வலைப்பக்கம். எழுதும் டாஸ்க் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக கமிட் செய்து (டேட்டாபேஸில் உறுதியாகப் பதித்து) ஆமைபோல நகர, சேனலில் பக்கங்கள் குவிந்தன. 1 ஜிபி ராம் எத்தனை நேரம் தாங்கும்? காலையில் டெர்மினலில் ‘கில்ட்’ என்று ஒரே ஒரு சொல். 64 இடம் உள்ள பவுண்டட் சேனலாக மாற்றினேன். நிரம்பினால் அனுப்புபவர் காத்திருப்பார், மெமரி அசையவில்லை. கூடவே 500 வரிக்கு ஒரு டிரான்ஸாக்‌ஷன் என்று ஆக்கியதும் வேகமும் பிடித்தது. சேனலின் அளவைப் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு எல்லை இருப்பதுதான் முக்கியம்.

முடிந்தது என்று தூங்கினேன். காலையில் அண்ணன் ஃபோன்: “தம்பி, இன்னிக்கும் பழைய விலைதான் காட்டுது.”

போய்ப் பார்த்தால் 18,000 வரியும் எழுதியாயிற்று, ஆனால் புரோகிராம் முடியவே இல்லை. அது முடிந்தால்தான் அடுத்த ஸ்க்ரிப்ட் ஃபைலைக் கடைக்கு அனுப்பும். தளம் ஏதோ தொங்குகிறது என்று நினைத்து ரிசீவுக்கு ஐந்து வினாடி டைம்அவுட் வைத்தேன். அன்று ராத்திரி தளம் நிஜமாகவே மெதுவாக இருக்க, எழுதும் டாஸ்க் பாதியில் கடையைக் கட்டிவிட்டது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

விஷயம் இதுதான். கடைசி அனுப்பும் முனையும் ஒழிந்து, உள்ளே இருப்பதும் காலியான பிறகுதான் ரிசீவ் ‘நன்’ (இனி எதுவும் வராது) தரும். எட்டு டாஸ்க்குக்கும் அனுப்பும் முனையின் குளோன் (நகல்) கொடுத்தேன், அவை வேலை முடித்துப் போயின. குளோன் எடுத்த மூலப் பிரதி மட்டும் மெயினிலேயே இருந்தது. மெயின் எழுதும் டாஸ்க் முடியட்டும் என்று காத்திருக்கிறது. எழுதும் டாஸ்க் மெயின் கையில் இருக்கும் முனை ஒழியட்டும் என்று காத்திருக்கிறது. பந்தியில் “நீங்க எந்திரிங்க, அப்புறம் நான்” என்று இலையை மூடாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரியவர்கள் கதை.

ஸ்பான் லூப்புக்குக் கீழே, மூலப் பிரதியை ஒழிக்க, டிராப் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதையும் போட்டுவிட்டு ஓடவிட்டால் மறுபடி தொங்கியது, கேட்டீர்களா! கண்ட்ரோல்-சியைக் கவனிக்கும் டாஸ்க்குக்கு என்றோ ஒரு குளோன் கொடுத்திருந்தேன். ஸ்ட்ரக்டுக்குள் ஒளிந்திருக்கும் குளோன்களையும் தேடிப் பாருங்கள். தொங்கினால் முதலில் குளோன் என்ற சொல்லைத்தான் கோடு முழுக்கத் தேட வேண்டும்.

நேற்று இரண்டு மணிக்கு ஆரம்பித்தது, 2:19க்கு முடிந்தது. காலை ஏழு மணிக்கு அண்ணன் நம்பர். பதறிப்போய் எடுத்தேன்.

“தம்பி, துவரம்பருப்பு இவ்வளவு ஏறிடுச்சா?”